தோற்றுப்போன ஊர்களில் ஒரு பகல்

புளோரன்ஸ் நகரத்தின் தென்கரையில் போர்ட்டா ரோமானா என்று ஒரு பழைய வாசல் நிற்கிறது. ரோமுக்குப் போகும் சாலை அங்கே தொடங்கியதால் அந்தப் பெயர். விடிகாலையில் சியெனாவை நோக்கிக் கிளம்பிய மாணவர் குழுவுக்கு அன்றைய முதல் பாடம் அந்த வாசலிலேயே கிடைத்துவிட்டது. வாசலின் இரு பக்கமும் பழைய கோட்டை மதில் இன்னும் இருக்கிறது. 1284இல் தொடங்கி 1333இல் முடித்த மதில் அது. ஆர்னோ ஆற்றின் இரு கரையையும் வளைத்துக் கட்டியது. ஆனால் ஊரின் பெரும்பகுதி இருக்கும் வடகரையில் அது கிட்டத்தட்டச் சுவடின்றிப் போய்விட்டது. மதில் நின்ற இடத்தில் மரங்கள் நிழல் தரும் அகலமான சாலைகள். காலையிலேயே வண்டிகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு ஊர்கின்றன. இடித்தது எந்தப் பகைவர் படையும் இல்லை. 1865இல் புளோரன்ஸ் புதிய இத்தாலியின் தலைநகரமானது. தலைநகரத்துக்கு ஏற்ற வீதிகள் வேண்டுமென்று ஜூசெப்பே போஜ்ஜி என்ற கட்டடக் கலைஞர் திட்டம் போட்டார். ஐந்நூறு ஆண்டுக்கு மேல் நின்ற மதிலை ஊரே இடித்துத் தள்ளியது. ஆறே ஆண்டில், 1871இல், தலைநகரம் ரோமுக்குப் போய்விட்டது. மதில் போனது போனதுதான்.

ஒரே பகலில் நான்கு ஊர் பார்க்கும் இந்த மாதிரிப் பயணத்தைப் பற்றி நல்ல அபிப்பிராயம் உள்ளவர்கள் குறைவு. சியெனாவுக்கு மட்டுமே ஒரு வாரம் வேண்டும், இது பார்ப்பது ஆகாது, தலையைக் காட்டிவிட்டு வருவது என்பார்கள். குறை நியாயமானதுதான். பேருந்தில் ஏறியதும் பாதிப் பேர் தூங்கிவிடுகிறார்கள், மீதிப் பேர் எடுத்த படங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனாலும் ஒரு வாரம் சியெனாவில் தங்குகிறவருக்குக் கிடைக்காத ஒன்று இந்த ஓட்டத்தில் கிடைக்கிறது. துணிக்கடையில் இரண்டு சேலைகளைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் போட்டால்தான் நிறம் தெரியும். காலையில் பார்த்த ஊர் கண்ணைவிட்டுப் போவதற்குள் மத்தியானம் இன்னொரு ஊரைப் பார்க்கும்போது, தனித்தனியாகப் பார்த்தால் எழாத கேள்வி எழுகிறது. பழையது ஏன் ஓர் ஊரில் தங்குகிறது, இன்னோர் ஊரில் தங்காமல் போகிறது? இத்தாலியர்கள் கலையை நேசிப்பவர்கள், முன்னோர் சொத்தைப் பொன்போல் காப்பவர்கள் என்பது வழிகாட்டிப் புத்தகங்களின் பதில். அந்த ஒரு பகலின் சாட்சியம் வேறு மாதிரி இருக்கிறது. ஜெயித்த ஊர் இடித்துக் கட்டிக்கொண்டே போகிறது. தோற்ற ஊருக்கு இடிக்கக் காசும் இல்லை, இடிக்கவேண்டிய காரணமும் இல்லை. நாம் வியந்து பார்க்கும் பழைமையில் பெரும்பகுதி தோல்வி விட்டுவைத்தது.

சியெனாவின் நடுச்சதுக்கமான காம்ப்போவுக்குள் சந்து வழியாக நுழைகிறவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது தரையின் சரிவு. சிப்பி வடிவத்தில் விரிந்து, அரசு மாளிகையை நோக்கித் தாழ்ந்து போகிற செங்கல் தரை. வெள்ளைக் கல் கோடுகள் அதை ஒன்பது கூறுகளாகப் பிரிக்கின்றன. 1287 முதல் 1355 வரை ஊரை ஆண்ட ஒன்பதின்மர் குழுவுக்காக அந்த ஒன்பது. வணிகர்களின் ஆட்சி அது. எதற்கும் விதி எழுதி வைக்கிற ஆட்சி. காம்ப்போவைப் பார்த்த வீடுகளின் ஜன்னல்கள் நடுவில் சிறு தூண் வைத்து இன்ன மாதிரிதான் இருக்கவேண்டும், மாடம் நீட்டக் கூடாது என்று 1297இலேயே சட்டம் போட்டார்கள். ஊர்ச் சட்டம் முழுவதையும் லத்தீனிலிருந்து மக்கள் மொழிக்கு மாற்றி, ஏழைகளும் படிக்கும்படி பெரிய எழுத்தில் எழுதிவைக்க 1309இல் ஏற்பாடு செய்தார்கள். இந்தச் சதுக்கத்தின் அழகு தானாக விளைந்த அழகு இல்லை, வரி கட்டி, விதி எழுதி, அபராதம் போட்டு உண்டாக்கிய அழகு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். உண்டாக்கியது செல்வம்தான். அதை 700 ஆண்டு கலையாமல் வைத்திருந்தது எது என்பதே கேள்வி.

அரசு மாளிகைக்குள் அந்த ஒன்பதின்மர் உட்கார்ந்து பேசிய அறையில், 1338-39இல் அம்ப்ரோஜியோ லோரென்செட்டி தீட்டிய சுவரோவியங்கள் இருக்கின்றன. நல்லாட்சியும் கெட்ட ஆட்சியும் ஊரை என்ன செய்யும் என்பது பொருள். நல்லாட்சி ஊரில் பெண்கள் கைகோத்து ஆடுகிறார்கள். செருப்புக் கடை திறந்திருக்கிறது. பொதி சுமந்த கழுதைகள் வருகின்றன. ஒரு ஆசிரியர் மேடையில் உட்கார்ந்து பாடம் சொல்ல, முன்னால் மாணவர்கள். வந்திருந்த மாணவர்கள் அந்த மூலையைத்தான் அதிகம் படமெடுத்தார்கள். ஆனால் நம் விஷயத்துக்கு வேண்டியது அதற்கு மேலே இருக்கிறது. கூரைகளுக்கு நடுவே சாரத்தில் நின்று கொத்தனார்கள் புதுச் சுவர் எழுப்புகிறார்கள். எதிர்ச் சுவரில் கெட்ட ஆட்சி: அங்கே வீடுகளை இடிக்கிறார்கள், ஆயுதம் செய்கிறவன் கடை மட்டும் நடக்கிறது. அந்த ஓவியருக்குக் கணக்கு எளிமையானது. கட்டினால் நல்ல ஆட்சி, இடித்தால் கெட்ட ஆட்சி. செழித்த ஊர் கட்டுவதற்காகவே இடிக்கும் என்பது அந்தச் சுவரில் இல்லை. ஓவியம் முடிந்து பத்து ஆண்டு ஆவதற்குள் கட்டுவதும் நின்றது, இடிப்பதும் நின்றது.

நின்ற இடத்தைக் கண்ணால் பார்க்கலாம். சியெனாவின் தேவாலயம் பெரியது. கறுப்பும் வெள்ளையுமாக வரி வரியாகப் பளிங்கு பதித்தது. 1339இல் அது போதாது என்று முடிவு செய்தார்கள். இருக்கும் தேவாலயத்தைக் குறுக்குக் கையாக வைத்துக்கொண்டு, அதற்குச் செங்குத்தாகப் புதிய பெருங்கூடம் கட்டுவது திட்டம். முடிந்திருந்தால் அன்றைய கிறித்தவ உலகின் மிகப் பெரிய தேவாலயங்களில் ஒன்றாக இருந்திருக்கும். 1348இல் கொள்ளைநோய் வந்தது. ஊரில் பாதிக்கு மேல் செத்தார்கள் என்று கணக்கிடுகிறார்கள். தன் ஐந்து குழந்தைகளைத் தன் கையாலேயே புதைத்ததாக அஞ்ஞோலோ டி தூரா என்ற சியெனாக்காரர் எழுதி வைத்திருக்கிறார். லோரென்செட்டியைப் பற்றிய செய்திகளும் அந்த ஆண்டோடு நின்றுவிடுகின்றன. 1357இல் புதுக்கூடத்தைக் கைவிட்டார்கள். இன்று அதன் ஒற்றை முகப்புச் சுவர் வானத்தைப் பார்த்து நிற்கிறது. பெரிய ஜன்னலுக்குப் பின்னால் அறை இல்லை, ஆகாயம்தான். கூடமாக இருந்திருக்கவேண்டிய இடம் சதுக்கமாகக் கிடக்கிறது. மாணவர்கள் குறுகிய படிகளில் அந்தச் சுவரின் மேல் ஏறி, மொத்த ஊரையும் பார்க்கிறார்கள். சியெனாவின் மிக அழகான காட்சி, முடிக்காமல் விட்ட சுவரின் உச்சியிலிருந்து கிடைக்கிறது.

அந்த உச்சியிலிருந்து இன்னொன்றும் தெரியும். ஊர் மதிலுக்கு உள்ளேயே பச்சைப் பள்ளத்தாக்குகள், காய்கறித் தோட்டங்கள், ஆலிவ் மரங்கள். ஊர் வளரும் என்று நம்பி மதிலை எட்டிப் போட்டுக் கட்டினார்கள். வளரவில்லை. கொள்ளைநோய்க்கு முந்திய மக்கள்தொகையைத் திரும்ப எட்ட சியெனாவுக்கு 20ஆம் நூற்றாண்டு வரை ஆயிற்று. ஆறு இல்லாத குன்றின்மேல் உட்கார்ந்த ஊர் அது. பூமிக்கடியில் சுமார் 25 கிலோமீட்டர் சுரங்கக் கால்வாய் வெட்டிக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். கம்பளித் துணி வெளுக்கவும் தோய்க்கவும் ஆர்னோ ஆறே கையில் இருந்த புளோரன்ஸோடு போட்டி போட அது எப்படிப் போதும்? 1555இல் நீண்ட முற்றுகைக்குப் பின் பசியால் சரணடைந்தது. இரண்டு ஆண்டில் புளோரன்ஸின் கோசிமோ டி மெடிச்சி கைக்குப் போயிற்று. அதன்பின் சியெனாவில் பெரிதாக எதையும் இடித்துப் பெரிதாக எதையும் கட்ட எவருக்கும் தேவை வரவில்லை. 17 பேட்டைகள், ஆண்டுக்கு இரண்டு நாள், ஜூலை 2, ஆகஸ்ட் 16, காம்ப்போவைச் சுற்றிக் குதிரை ஓட்டுகிற பாலியோ பந்தயம், பேட்டைக்குப் பேட்டை கொடியும் பகையும்: அரசியல் பறிபோன ஊர் தன் ரோஷத்தையெல்லாம் அதில் போட்டு வைத்திருக்கிறது என்றே தோன்றுகிறது.

கொள்ளைநோயை நகரத்தின் காவலன் என்று சொல்வது கொடுமை இல்லையா என்று கேட்கலாம். ஐந்து குழந்தைகளைப் புதைத்தவனிடம் போய், உன் துக்கத்தால் உன் ஊர் அழகாக மிஞ்சியது என்று சொல்ல முடியுமா? முடியாது. காரணம் சொல்வது வேறு, பாராட்டுவது வேறு. ஒருவர் செத்ததால் சொத்து இன்னொருவருக்கு வந்தது என்றால் அது சாவைப் புகழ்ந்ததாகாது. மாறாக, இந்த உண்மையை மறைத்து, சியெனா தன் கலைப்பற்றால் தன்னைக் காத்துக்கொண்டது என்று எழுதுவதில்தான் செத்தவர்களை இரண்டாம் தரம் புதைக்கும் வேலை நடக்கிறது. அந்த மொட்டைச் சுவரை நினைவுச் சின்னம் என்று எவரும் கட்டவில்லை. ஆனால் இந்த ஊர்கள் இருக்கும் டஸ்கனி வட்டாரத்தில் 1348க்கு அதைவிட நேர்மையான நினைவுச் சின்னம் இல்லை.

சான் ஜிமின்யானோவைத் தூரத்திலிருந்தே பார்த்துவிடலாம். திராட்சைத் தோட்டங்களுக்கு மேல் ஒரு மேடு. மேட்டின்மேல் நட்டுவைத்த கம்பங்கள் போல் கோபுரங்கள். ஒரு காலத்தில் 72 இருந்தன என்பது ஊர் வழக்கு, இன்று 14. வடக்கேயிருந்து ரோமுக்கு யாத்திரை போகிறவர்களின் பாதையில் இருந்த ஊர். குங்குமப்பூ வியாபாரத்தில் பணம் புரண்டது. பணம் வந்த வீடுகள் பக்கத்து வீட்டுக்காரனைவிட ஓரடி உயர்த்திக் கோபுரம் எழுப்பின. ஜன்னல் குறைவு, உள்ளே இடம் குறைவு, குடியிருக்க வசதி இல்லை. பகையும் பெருமையும்தான் அதன் பயன். கடைசியில் ஊராட்சி மாளிகையின் கோபுரத்தைத் தாண்டி எவரும் உயர்த்தக் கூடாது என்று 1255இல் சட்டம் போட வேண்டிவந்தது. சுவர்களில் வரிசை வரிசையாகச் சதுர ஓட்டைகள். சாரக்கட்டை செருக விட்டவை, அடைக்காமலே விட்டுவிட்டார்கள். இப்போது புறாக்கள் குடியிருக்கின்றன.

இந்தக் கோபுரங்கள் இந்த ஊருக்கே உரிய அதிசயம் என்று மாணவர்கள் நினைப்பது இயல்பு. அப்படி இல்லை. அந்தக் காலத்து டஸ்கனியில் பணமும் பகையும் இருந்த ஊர் எல்லாமே இப்படித்தான் இருந்தது. புளோரன்ஸில் இதைவிட அதிகம் இருந்தன. 1250இல் மக்கள் கட்சி ஆட்சிக்கு வந்ததும், ஐம்பது முழத்துக்கு மேற்பட்ட கோபுரத்தையெல்லாம் வெட்டிக் குறைத்தது. குறைத்த கற்கள் வேறு வேலைக்குப் போயின. மிஞ்சிய அடிப்பகுதிகளும் பிறகு வந்த மாளிகைகளுக்குள் கரைந்தன. சான் ஜிமின்யானோவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1300இல் கவிஞர் தாந்தே புளோரன்ஸின் தூதராக வந்து பேசிப்போன ஊர், 1348இன் கொள்ளைநோயில் நொறுங்கி, 1353இல் அதே புளோரன்ஸிடம் தன்னை ஒப்படைத்துக்கொண்டது. யாத்திரைப் பாதையும் வேறு பக்கம் திரும்பியது. மாளிகை கட்டப் பணம் இருந்திருந்தால் இந்தக் கோபுரங்களை முதலில் இடித்திருப்பவர்கள் அந்த ஊர்க்காரர்களே. இன்று எல்லோரும் படமெடுக்கும் அந்த வானவிளிம்பு, மாற்ற வசதியில்லாமல் போட்டுக்கொண்டே இருந்த பழைய சட்டை.

கிணற்றுச் சதுக்கத்தில் எண்கோணக் கல்மேடை, அதன்மேல் 1273இல் அமைத்த கிணறு. கல்விளிம்பைத் தடவிப் பார்த்தால் விரல் உள்ளே போகும் ஆழத்துக்குக் கயிறு அறுத்த தடங்கள். கிணற்றில் தண்ணீர் இறைத்த எந்த ஊர்க்காரருக்கும் அதைப் பார்த்ததும் கை தானாகக் கயிற்றைப் பிடிக்கும். வளர்ந்த ஊராக இருந்தால் குழாய் வந்த நாளில் கிணற்றை மூடியிருப்பார்கள். தேய்ந்த விளிம்பையாவது மாற்றியிருப்பார்கள். சுற்றி உட்கார்ந்து ஐஸ்கிரீம் தின்னும் இளைஞர்களில் எத்தனை பேர் அந்தத் தடங்களைப் பார்த்தார்கள் என்று சொல்ல முடியாது. ஐஸ்கிரீம் வரிசை கிணற்றைவிட நீளம்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு வருகிறது. ஏழைமை காக்கும் என்றால், தோற்று வறுமைப்பட்ட எல்லா ஊர்களும் அருங்காட்சியகமாக அல்லவா இருக்கவேண்டும்? கூரை ஒழுகி, சுவர் சரிந்து, கல்லைப் பெயர்த்து ஆட்டுப்பட்டி கட்டிய ஊர்கள்தானே உலகில் அதிகம்? உண்மைதான். வறுமை எதையும் காப்பதில்லை, இடிப்பதைத் தள்ளிப்போடுகிறது, அவ்வளவே. தள்ளிப்போட்ட காலத்துக்குள் யாராவது வந்து இதன் மதிப்பை உணர்ந்தால் பிழைத்தது, இல்லாவிட்டால் மண். சான் ஜிமின்யானோவில் கல் கனமாக இருந்தது, சுவர் தடியாக இருந்தது, ஊர் முழுக்கக் காலியாகவும் இல்லை. ஐந்நூறு ஆண்டு தாக்குப்பிடித்தது. 19ஆம் நூற்றாண்டில் இடைக்காலத்தின் மேல் ஐரோப்பாவுக்கு மோகம் வந்தபோது இங்கே இன்னும் 14 நின்றுகொண்டிருந்தன. தோல்வி தந்தது கால அவகாசம். அந்த அவகாசம் ஜெயித்த ஊருக்குக் கிடைப்பதில்லை என்பதுதான் வாதம்.

நம் பாடப்புத்தகங்கள் பைசா என்று எழுதும் பீசாவில் அந்த அவகாசத்தை அளந்தே காட்டலாம். அற்புதங்களின் சதுக்கம் என்று பெயர் பெற்ற புல்வெளியில் நுழைந்ததும், கைகளைக் காற்றில் நீட்டிச் சாய்ந்த கோபுரத்தைத் தாங்குகிற ஒரு பெருங்கூட்டம். நம் குழுவும் அதில் கலந்தது. அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் கோபுரத்துக்குப் பக்கத்திலிருக்கும் தேவாலயத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 1063இல் பீசாவின் கப்பல்கள் அரபியர் வசமிருந்த பலெர்மோ துறைமுகத்தைத் தாக்கிக் கொள்ளையடித்தன. அந்தச் செல்வத்தில் கட்டத் தொடங்கியது இது. முகப்புக் கல்வெட்டே அதைப் பெருமையாகச் சொல்கிறது. கொள்ளையோடு கணக்கும் கப்பலேறி வந்தது. வட ஆப்பிரிக்காவின் புஜியா துறைமுகத்தில் பீசா வணிகர்களுக்காகச் சுங்கம் பார்த்தவரின் மகன் லியோனார்டோ, அங்கே இந்திய எண்களைக் கற்று 1202இல் அதைப் பற்றி லத்தீனில் பெரிய நூல் எழுதினார். பிபொனாச்சி என்று கணித மாணவர்கள் அறிந்தவர் அவர்தான். அவருடைய சிலை அந்தப் புல்வெளியின் வடக்கு ஓரத்தில், கம்ப்போசாந்தோ கல்லறை மண்டபத்துக்குள் இருக்கிறது. அங்கே கூட்டமே இல்லை.

கோபுரம் 1173இல் தொடங்கியது. சுமார் மூன்று மீட்டர் ஆழ அஸ்திவாரம். அடியில் மெத்தை போன்ற களிமண். மூன்றாம் தளம் வரை எழுப்பி 1178வாக்கில் நிறுத்தினார்கள். போர்களில் மூழ்கிய பீசாவுக்கு அடுத்த தொண்ணூறு ஆண்டுக்கு மேல் அதைத் தொட நேரமில்லை. அந்த நிறுத்தம்தான் கோபுரத்தைக் காப்பாற்றியது என்பது மண்ணியல் பொறியாளர்களின் முடிவு. நிறுத்தாமல் கட்டியிருந்தால் களிமண் பிதுங்கி அது அப்போதே சரிந்திருக்கும். இடைவெளியில் களிமண்ணில் இருந்த நீர் கசிந்து, எடையைத் தாங்கும் அளவுக்கு மண் இறுகிவிட்டது. 1272இல் மறுபடி தொடங்கினார்கள். 1284 ஆகஸ்டில், மெலோரியா என்ற இடத்தில் ஜெனோவாவின் கடற்படை பீசாவின் கப்பல்களை நொறுக்கி ஆயிரக்கணக்கானோரைச் சிறைபிடித்தது. கட்டுமானம் இரண்டாம் முறை நின்றது. அந்த இரண்டாம் ஓய்வும் மண்ணுக்குத் தேவைப்பட்டதுதான். மணிமண்டபம் வைத்து முடிக்க 1370 ஆனது. சாய்வைச் சரிக்கட்டப் பார்த்த கொத்தனார்களின் தவிப்பு இன்னும் கல்லில் இருக்கிறது: மணிமண்டபத்துக்கு ஏற வடக்குப் பக்கம் நான்கு படி, தெற்குப் பக்கம் ஆறு. ஒவ்வொரு தலைமுறையும் கொஞ்சம் கொஞ்சம் நிமிர்த்திப் பார்த்ததில் கோபுரமே வாழைப்பழம் போல் லேசாக வளைந்திருக்கிறது.

ஆக, உலகத்திலேயே அதிகம் பேர் படமெடுக்கும் கட்டடங்களில் ஒன்று நிற்பதற்குக் காரணம், அதைக் கட்டியவர்கள் இரண்டு தரம் தோற்றதும் திணறியதும். அதற்கு மாறாக, பலசாலியான ஓர் ஆட்சி அதைத் தொட்டபோது என்ன ஆனது என்றும் பார்க்கலாம். சாய்வு தேசத்துக்கு அவமானம் என்று நினைத்த முசோலினியின் அரசு 1934இல் அஸ்திவாரத்தில் நூற்றுக்கணக்கான துளை போட்டு சிமெண்டுக் குழம்பை இறக்கியது. கோபுரம் இன்னும் தெற்கே சாய்ந்தது. 1990இல் மூடி, பதினோரு ஆண்டு யோசித்து, வடக்குப் பக்கத்து அடிமண்ணைச் சிறிது சிறிதாகத் துளையிட்டு எடுத்து, அரை டிகிரி மட்டும் நிமிர்த்தி 2001 டிசம்பரில் திறந்தார்கள். அதற்கு மேலும் நிமிர்த்த அவர்கள் விரும்பவில்லை. பொறியியல் மாணவர்களுக்கு இதைவிடப் பெரிய பாடத்தை எந்தத் தொழிற்கூடமும் சொல்லித்தராது.

கம்ப்போசாந்தோவின் சுவரில் கனத்த இரும்புச் சங்கிலிகள் தொங்குகின்றன. பீசாவின் துறைமுகத்தை அடைக்கும் சங்கிலிகள் அவை. 1290இல் ஜெனோவா அந்தத் துறைமுகத்தை அழித்து அவற்றைக் கொண்டுபோய், இத்தாலி ஒன்றாகிவந்த 1860இல் திருப்பிக் கொடுத்தது. திரும்பி வந்தபோது பூட்டுவதற்குத் துறைமுகம் இல்லை. ஆர்னோ கொண்டுவந்த வண்டல் கடலைத் தள்ளிக்கொண்டே போய், இன்று ஊருக்கும் கடலுக்கும் நடுவே சுமார் 10 கிலோமீட்டர். 1406இல் புளோரன்ஸ் பீசாவைப் பிடித்தது. கடல் இல்லாத கடலோடிகள் ஊர், பல்கலைக்கழக ஊராக மாறியது. கலிலியோ படித்ததும் முதலில் பாடம் சொன்னதும் இங்கே. ஆனால் சங்கிலிகள் தொங்கும் அதே கம்ப்போசாந்தோ மண்டபம்தான் என் வாதத்தின் எல்லையையும் காட்டுகிறது. 1944 ஜூலை 27 அன்று நேசநாட்டுப் படையின் குண்டு விழுந்து கூரையில் தீப்பிடித்தது. ஈயம் உருகிச் சுவரோவியங்களின் மேல் வழிந்தது. நூற்றாண்டுக் கணக்கில் தங்கியிருந்ததை ஒரே நாள் தின்றுவிட்டது. மிஞ்சியதைச் சுவரிலிருந்து உரித்தெடுத்தபோது அடியில் ஓவியர்கள் செம்மண் வண்ணத்தில் போட்டிருந்த முதல் கோடுகள் வெளிவந்தன. அவை இன்று தனி அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஓவியம் எரியாமல் இருந்திருந்தால் அவற்றை எவரும் கண்டிருக்கப் போவதில்லை.

கடைசி ஊர் லுக்கா. என் வாதத்துக்கு எதிராகச் சாட்சி சொல்ல நிற்கும் ஊர் இதுதான். லுக்காவை புளோரன்ஸால் பிடிக்க முடியவில்லை. பீசாவின் கீழ் கொஞ்ச காலம் இருந்து, 1369இல் பேரரசர் நான்காம் சார்லஸிடமிருந்து விடுதலை பெற்று, 1799 வரை தனிக் குடியரசாகவே இருந்தது. பட்டு நெய்து நன்றாகச் சம்பாதித்தது. அதன் மதிலும் முழுசாக இருக்கிறது: 4 கிலோமீட்டருக்கு மேல் சுற்றளவு, உச்சியில் வண்டி போகும் அகலம், இரு பக்கமும் மரங்கள். 1504 முதல் 1648 வரை, 144 ஆண்டு கட்டினார்கள். பகைவரின் முற்றுகை ஒன்றைக்கூட அது சந்திக்கவில்லை. 1812இல் செர்க்கியோ ஆறு பெருக்கெடுத்தபோது வாசல்களை அடைத்து வெள்ளத்தைத் தடுத்ததுதான் அது செய்த பெரிய போர். மாலை வெயிலில் ஊரே மதிலின் மேல் உலாவுகிறது. மிதிவண்டிகள், குழந்தைகளைத் தள்ளிக்கொண்டு வரும் தாத்தாக்கள், அவர்களுக்கு நடுவே நாள் முழுக்க நடந்து கால் வலிக்கிற மாணவர்கள்.

தோற்காத லுக்கா எப்படி மிஞ்சியது? தோற்கவில்லை என்பது சரி. ஆனால் ஜெயிக்கவும் இல்லை. பக்கத்துப் பெரிய ஊர்களுக்குப் பயந்து, எவர் வம்புக்கும் போகாமல், சம்பாத்தியத்தை மதிலில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பேரரசு ஆசை அதற்கு எட்டவில்லை, தலைநகர யோகமும் வரவில்லை. யோகம் கொஞ்சம் எட்டிப் பார்த்தபோது என்ன நடந்தது தெரியுமா? நெப்போலியனின் தங்கை எலிசா இங்கே இளவரசியாக வந்து, அரண்மனைக்கு முன்னால் இடம் வேண்டுமென்று பழைய கட்டடங்களை இடித்துப் பெரிய சதுக்கம் ஒன்றை உண்டாக்கினார். விதி அங்கேயும் பொய்க்கவில்லை. ஒரு திருத்தத்தை மட்டும் லுக்கா என்னிடம் வாங்கிவிடுகிறது. இத்தாலி ஒன்றானபின் இந்த மதில் அரசின் சொத்தானது. புளோரன்ஸ் தன் மதிலை இடித்துக்கொண்டிருந்த அதே தலைமுறையில், லுக்கா நகராட்சி தன் மதிலை அரசிடமிருந்து வாங்கி வைத்துக்கொண்டது. தோல்வி பழையதைத் தங்கவைக்கும் என்பது உண்மை. தங்கியதை விலை கொடுத்து வைத்துக்கொண்டது லுக்காவின் புத்தி. அது தோல்வியின் கணக்கில் வராது.

அப்படியானால் புளோரன்ஸ்? ஜெயித்த ஊர் இடிக்கும் என்றால், உலகமே வந்து பார்க்கும் செல்வம் அங்கே எப்படித் தங்கியது என்று கேட்பீர்கள். அதுவும் ஒரு முடிவின் கதைதான். புளோரன்ஸை ஆண்ட மெடிச்சி வம்சம் 1737இல் ஆண் வாரிசில்லாமல் போனபோது, கடைசிப் பெண் அன்னா மரியா லுயீசா, குடும்பத்தின் ஓவியங்களும் சிற்பங்களும் எந்நாளும் புளோரன்ஸைவிட்டு வெளியே போகக் கூடாது என்று புதிய ஆட்சியாளரோடு ஒப்பந்தம் செய்தார். உஃபிசி அருங்காட்சியகம் அதனால் மிஞ்சியது. வம்சம் தழைத்திருந்தால் என்னென்ன சீதனமாகப் போயிருக்கும் என்று சொல்ல முடியாது. அந்த ஊரின் பெரிய தேவாலயத்தின் முன் மாணவர்கள் படமெடுத்துக்கொள்ளும் வண்ணப் பளிங்கு முகப்பு, இடைக்காலத்தது என்று பலரும் நம்புவது, 1887இல் முடிந்தது. இன்னும் சில நிமிட நடையில் குடியரசுச் சதுக்கம். பழைய சந்தையையும் அதைச் சுற்றியிருந்த தெருக்களையும் 1880களில் தொடங்கி இடித்து உண்டாக்கிய இடம் அது. நூற்றாண்டுகளின் அழுக்கிலிருந்து பழைய நகர்மையத்துக்குப் புதுவாழ்வு தந்ததாக அங்கே பெரிய வளைவின் மேல் பெரிய எழுத்தில் பொறித்திருக்கிறார்கள். இடித்ததைக் கல்லில் வெட்டிக் கொண்டாட, ஓர் ஊர் ஜெயித்திருக்க வேண்டும்.

லுக்காவிலிருந்து திரும்பும் நெடுஞ்சாலை புளோரன்ஸுக்குள் மேற்குப் பக்கமாக நுழைகிறது. அங்கே போர்ட்டா அல் பிராத்தோ என்ற வாசல் வரும். மதிலை இடித்தபோது போஜ்ஜி சில வாசல்களை மட்டும் விட்டுவைத்தார். இது அவற்றில் ஒன்று. இருட்டிய பிறகும் அதைச் சுற்றி நாலாபக்கமும் வண்டிகள் ஓடுகின்றன. இடமும் வலமும் சுவர் இல்லாததால் அந்த வாசல் வழியாக உள்ளே போகவேண்டிய அவசியம் எவருக்கும் இல்லை.